துண்டுக்கு அடியில் இருபத்து மூன்று

போத்தனூர்
14.10.2024

அன்புள்ள அண்ணாவுக்கு,

வெங்கடம்மாள் எழுதுவது. போனை எடுக்க மாட்டேன் என்கிறவருக்குக் கடிதம்தான் வழி. போஸ்ட்மேன் வந்து நீட்டினால் கையை நீட்டி வாங்கித்தானே ஆக வேண்டும்.

நீங்கள் ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பி இன்றோடு ஏழு வாரம். இந்த ஏழு வாரத்தில் மூன்று தடவை ஆனைமலைக்கு வந்தேன். முதல் தடவை நீங்கள் தூங்குவதாக இந்திராணி அண்ணி சொன்னார். இரண்டாம் தடவையும் தூக்கம். மூன்றாம் தடவை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே ஜன்னல் வழியாகப் பார்த்துவிட்டேன். கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தீர்கள். நான் உள்ளே நுழைந்ததும் பேப்பரை முகத்தின் மேல் போட்டுக்கொண்டு குறட்டை விட்டீர்கள். ஐம்பத்தொன்பது வயதில் குறட்டை விட்டு நடிக்கிற ஆளை நான் இப்போதுதான் பார்க்கிறேன். கொண்டுவந்த அரிசிம்பருப்பு சாதத்தை அண்ணியிடம் கொடுத்துவிட்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பினேன். பொள்ளாச்சி வரைக்கும் அழுகையாக வந்தது. அதற்கப்புறம் கோபம் வந்துவிட்டது, போத்தனூர் வந்து சேரும்வரை அது போதுமானதாக இருந்தது.

என்மேல் என்ன வருத்தமோ, அதை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். உடம்பு காத்திருக்காது. டிஸ்சார்ஜ் ஆகும் அன்று டாக்டர் சொன்னதை நீங்களும் கேட்டீர்கள். ஐ.சி.யு.வில் முப்பத்தைந்து நாள் படுத்த உடம்பு தானாகத் தேறிவிடாது. சதை எல்லாம் கரைந்துவிட்டது, மூச்சு குறுகிவிட்டது. எட்டு வாரம், வாரத்துக்கு இரண்டு நாள், அவர்களுடைய பயிற்சிப் பிரிவுக்கு வந்தால் நடை திரும்பும். தள்ளிப்போட்டுக்கொண்டே இருந்தால் இப்போது இருக்கிற நடையும் போய்விடும். அங்கே பிசியோதெரபி பார்க்கிற ஜெனிதா என்கிற பெண் எனக்கு இரண்டு தடவை போன் செய்துவிட்டாள். "ஏனுங்கக்கா, உங்க அண்ணனைக் காணமுங்களே" என்று கேட்கிறாள். நான் என்னவென்று சொல்வது? அண்ணன் குறட்டை விடுகிறார் என்றா?

ஆனைமலையிலிருந்து வாரம் இரண்டு நாள் கார் வைத்துக்கொண்டு வந்துபோக உங்களால் முடியாது. ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் இடுப்பு விட்டுப்போகும். அதனால்தான் எங்கள் வீட்டில் கீழ் அறையைக் காலி செய்து வைத்திருக்கிறேன். கட்டிலை உயர்த்தியாயிற்று. குளியலறைச் சுவரில் பிடித்துக்கொள்ளக் கம்பி அடித்தாயிற்று. உங்கள் மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ் இந்த இருபத்தேழு வருஷத்தில் எனக்காக ஒரு ஆணி அடித்தவர் அல்ல. மச்சானுக்கு என்றதும் டிரில்லிங் மிஷினை வாடகைக்கு எடுத்து வந்துவிட்டார். கம்பி கொஞ்சம் கோணல். ஆனால் ஆடாது.

எப்போது வருகிறீர்கள் என்று ஒரு வரி எழுதினால் போதும்.

உங்கள் தங்கை,
வெங்கடம்மாள்


ஆனைமலை
21.10.2024

திருமதி வெங்கடம்மாள் ஸ்ரீனிவாஸ் அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. என் கையெழுத்து கோழி கிளறியது மாதிரி இருக்கும். ஆஸ்பத்திரியில் கொடுத்த தாளில், தினம் ஒரு பக்கம் கையால் எழுத வேண்டும், விரலுக்கு அது பயிற்சி என்று போட்டிருக்கிறது. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன். வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

நான் நன்றாக இருக்கிறேன். வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசல்வரை போகிறேன். தொண்டையில் ஓட்டை போட்டு வைத்திருந்த இடம் ஆறிவிட்டது. குரல் மட்டும் தகரத்தில் கல்லைத் தேய்த்த மாதிரி வருகிறது. அதனால் போனில் பேசுவதில்லை. உங்களிடம் மட்டும் அல்ல, யாரிடமும் பேசுவதில்லை.

எனக்காக அறை காலி செய்ய வேண்டியதில்லை. கம்பியும் வேண்டியதில்லை. நான் போத்தனூருக்கு வருவதாக இல்லை. காரணம் உங்களுக்கே தெரியும்.

மாப்பிள்ளையிடமும் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
அரங்கசாமி


போத்தனூர்
25.10.2024

அண்ணா,

நீங்கள் என்னைத் திட்டியிருந்தால்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். "உங்களுக்கே தெரியும்" என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு நீங்கள் "உங்களுக்கு" போட்டு எழுதுகிற அளவுக்கு நான் என்ன செய்துவிட்டேன்? ஐந்து வயதில் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போனவள் நான். "திருமதி" என்று கவரிலேயே போட்டிருந்ததால் முதலில் ஏதோ இன்சூரன்ஸ் கம்பெனிக் கடிதம் என்று நினைத்து ஓரமாக வைத்துவிட்டேன்.

காரணம் எனக்குத் தெரியாது. ஆபீசில் உட்கார்ந்து ஒரு நாள் முழுக்க யோசித்தேன். சம்பளப் பட்டியலில் இரண்டு பேர் பெயரைத் தப்பாக அடித்து, மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதுதான் மிச்சம்.

தோப்பில் தேங்கிய தண்ணீரில் வெறுங்காலோடு நிற்காதீர்கள் என்று நான் மே மாசமே சொன்னேன், எலிக்காய்ச்சல் வந்தபிறகும் அதைச் சொல்லிக் காட்டினேன். அதுவா? உங்களை முதலில் பொள்ளாச்சியில் சேர்த்தபோது, இங்கே வேண்டாம், கோயமுத்தூருக்கே கொண்டுபோகலாம் என்று அண்ணியிடம் சத்தம் போட்டேன். அதுவா? மீசையை எடுக்கச் சொல்லி நர்சிடம் சரி என்றது நான்தான். முகத்தில் பிளாஸ்திரி ஒட்டாமல் நழுவியது, அதனால் எடுத்தார்கள். அதற்காக இந்தக் கோபம் என்றால், மீசை முளைத்துவிட்டதாக அண்ணி சொன்னார்.

நேற்று ஜெனிதாவிடம் நேரில் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்தாள். பிறகு, ஐ.சி.யு.வில் ரொம்ப நாள் மயக்க மருந்தில் இருந்தவர்களுக்கு நடக்காததெல்லாம் நடந்தது போல மனசில் பதிந்துவிடும், அது கனவு போலக் கலையாது, நிஜத்தைவிட அழுத்தமாக நிற்கும் என்றாள். வெளியே சொன்னால் பைத்தியம் என்பார்கள் என்று பயந்து பலர் வருஷக்கணக்கில் உள்ளேயே வைத்துக்கொண்டு திரிவார்களாம். "அண்ணனுக்கு அங்க படுத்திருந்தப்ப என்ன தெரிஞ்சுதுன்னு கேளுங்கக்கா. சிரிக்காம கேளுங்க" என்றாள்.

கேட்கிறேன். சிரிக்க மாட்டேன். என்ன தெரிந்தது?

தீபாவளிக்குப் பலகாரம் கொடுத்து அனுப்புகிறேன். பெட்டியைத் திருப்பி அனுப்பாதீர்கள், பஸ்காரர் முன்னால் மானம் போகும்.

வெங்கடம்மாள்


ஆனைமலை
4.11.2024

வெங்கடம்மாளுக்கு,

பலகாரம் வந்தது. முறுக்கு என்னால் கடிக்க முடியவில்லை. பாலில் ஊற வைத்துத் தின்றேன்.

நீ கேட்டதற்குப் பதில் எழுத ஒன்பது நாளாக உட்காருகிறேன். மூன்று தாள் கிழித்துவிட்டேன். இப்போது எழுதப்போவது எதுவும் நடக்கவில்லை என்று எனக்குத் தெரியும். நடந்திருக்க முடியாது. தெரிந்தும் மனசு ஆறவில்லை, அதனால்தான் உன் முகத்தைப் பார்க்கவில்லை. இந்திராணியிடம்கூட இதைச் சொன்னதில்லை.

ஐ.சி.யு.வில் படுத்திருந்த ஞாபகமே எனக்குக் கிடையாது. என் ஞாபகத்தில் நான் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் இருந்தேன். தகரக் கூரைக்குக் கீழே, கையைக் கட்டிப் போட்டிருந்தார்கள். கழுத்தில் கயிறு இறுக்கியது. பக்கத்திலேயே ஒரு மாட்டின் கழுத்து மணி விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. யார் யாரோ வந்து வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார்கள். புரட்டிப் போட்டு முதுகைத் தட்டினார்கள். தண்ணீர் கேட்டேன், யாரும் கொடுக்கவில்லை. மாட்டுக்குத் தண்ணீர் வைக்காமல் சந்தைக்குக் கொண்டுவருகிறவன் என்ன மனுஷன் என்று கத்தினேன். சத்தம் வெளியே வரவில்லை.

அப்போது நீ வந்தாய். பச்சை நிறத்தில் ஏதோ அங்கி மாட்டியிருந்தாய். என் கையின் மேல் ஒரு துண்டைப் போட்டு, அதற்கு அடியில் உன் கையை விட்டு என் விரலைப் பிடித்தாய். சந்தையில் விலையை வாயால் சொல்ல மாட்டார்கள், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துத்தான் பேசுவார்கள் என்பது உனக்கும் தெரியும். சின்ன வயதில் இரண்டு பேரும் அப்பாவோடு போய்க் கற்றுக்கொண்டதுதானே. முழுக் கையையும் சேர்த்து ஒரு அமுக்கு அமுக்கினால் பத்து. அப்புறம் விரலைப் பிடிக்கிற ஒவ்வொரு தடவைக்கும் ஒன்று. நீ ஒன்பது என்றாய். ஒன்பதாயிரம். மாட்டிடமே விலை பேசுவார்களா என்று கேட்காதே. அங்கே அப்படித்தான் நடந்தது. மாப்பிள்ளை ஸ்ரீனிவாஸ் தோளில் துண்டோடு தரகர் மாதிரி தள்ளி நின்றுகொண்டிருந்தார்.

என்னை விற்க வந்திருக்கிறாய் என்று புரிந்தது. மறுநாள் பத்து என்றாய். அதற்கடுத்த நாள் பதினொன்று. தினமும் வந்து ஒன்றொன்றாக ஏற்றினாய். பதினாறிலிருந்து ஒரே தாவலாகப் பதினெட்டு. வாங்க ஆள் கிடைக்கவில்லை போலிருக்கிறது, ஆனாலும் விலையை ஏற்றுகிறாளே, இவளுக்கு வியாபாரமே தெரியவில்லை என்று எனக்கு உன்மேல் எரிச்சலாக வந்தது. கிழட்டுக் காளைகூட நாற்பதுக்குப் போகும். எனக்கு இருபதுகூடத் தேறவில்லை என்ற அவமானம் வேறு.

இருபத்து மூன்று என்று நீ சொன்ன அன்றைக்கு எனக்கு எல்லாம் அலுத்துப்போயிற்று. விலை படிந்தால் எதிராளி விரலை எல்லாம் சேர்த்து இறுக்கிப் பிடிப்பார்களே, அப்படி உன் கையைப் பிடித்தேன். சரி, விற்றுவிட்டுப் போ என்று அர்த்தம். இனி இந்த ஊரும் வேண்டாம், தோப்பும் வேண்டாம், யார் ஓட்டிக்கொண்டு போனாலும் போகிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

நீ சிரித்தாய், அம்மணி. என்னை விற்றுவிட்டுச் சிரித்தாய். துண்டைக்கூட எடுக்காமல் வெளியே ஓடினாய். மற்றதெல்லாம் மறந்தாலும் அந்தச் சிரிப்பு மறக்க மாட்டேன் என்கிறது. வாசலில் உன் குரல் கேட்டாலே எனக்கு மேல்மூச்சு வாங்குகிறது.

நான் நன்றாக இருப்பதாக எழுதியது பொய். கக்கூசிலிருந்து எழுந்திருக்க இந்திராணி கையைக் கொடுத்துத் தூக்க வேண்டியிருக்கிறது. அவளுக்கே முழங்கால் வலி. போன வாரம் இரண்டு பேரும் சேர்ந்து விழுந்தோம். அடி ஒன்றும் இல்லை. ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது.

அரங்கசாமி


போத்தனூர்
8.11.2024

அண்ணா,

சிரிக்க மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். தண்ணீர் வைக்காததற்குச் சண்டை போட்ட இடத்தில் சிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். மறுபடியும் முதலிலிருந்து படித்தேன்.

அது விலை இல்லை அண்ணா. நாள்.

நீங்கள் குழாய்களைப் பிடுங்குகிறீர்கள் என்று கையைக் கட்டிலோடு சேர்த்து மெத்தென்ற துணியால் கட்டி வைத்திருந்தார்கள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. ஏசி குளிரில் கையும் ஐஸாக இருந்தது. அதனால்தான் துண்டைப் போட்டு மூடினேன். உள்ளே விடுகிறது பத்தே நிமிஷம். வாயைத் திறந்தால் எனக்கு அழுகை வந்துவிடும், அழுவதாக இருந்தால் வெளியே போங்கள் என்று நர்ஸ் ஒரு தடவை அனுப்பிவிட்டார். பேசாமல் எப்படிப் பேசுவது? எனக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த பேச்சு அது ஒன்றுதான் இருந்தது. கண்ணைத் திறந்தால் எத்தனை நாள் போயிற்று என்று தெரியாமல் திண்டாடுவீர்களே என்று நினைத்தேன். அதனால் தினம் போய் நாளைச் சொன்னேன். ஒன்பதாம் நாள் ஆரம்பித்தேன். இன்றைக்கு ஒன்பது, அண்ணா. இன்றைக்குப் பத்து.

பதினேழு ஏன் வரவில்லை தெரியுமா? அன்றைக்கு எனக்குக் காய்ச்சல். உள்ளே விட மாட்டார்கள் என்று நான் வரவில்லை, அண்ணிதான் வந்தார். மறுநாள் நான் வந்து பதினெட்டு என்றேன். எண்ணிக்கையில் ஒரு நாள் விடுபட்டதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் எழுதிய பிறகுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அத்தனை மயக்கத்திலும் விடுபட்ட ஒரு நாளைக் கவனித்திருக்கிறீர்கள்.

உங்கள் மாப்பிள்ளை தரகராக நின்றதாக எழுதியிருக்கிறீர்கள். அவர் ஐ.சி.யு.வுக்குள் காலே வைக்கவில்லை. முதல் நாள் கண்ணாடிக் கதவு வழியாக எட்டிப்பார்த்ததற்கே தலை சுற்றிக் கீழே உட்கார்ந்துவிட்டார். அவருக்கு ஒரு வார்டு பையன் குளுக்கோஸ் கலந்து கொடுத்தான். இந்த மனுஷனா மாடு விற்கப் போகிறார்?

இருபத்து மூன்றாம் நாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது ஜூலை முப்பது, செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின நாள் டாக்டர் எங்களை உட்கார வைத்து, மயக்க மருந்தைக் குறைத்தும் நீங்கள் கண் திறக்கவில்லை, மூளை எந்த அளவுக்குத் தாங்கியிருக்கிறது என்று சொல்ல முடியவில்லை என்று சொல்லியிருந்தார். மறுநாள் நான் துண்டுக்கு அடியில் கையை விட்டு இருபத்து மூன்று என்றேன். நீங்கள் என் விரல்களைச் சேர்த்து இறுக்கிப் பிடித்தீர்கள். வலித்தது. அண்ணன் இருக்கிறான், கேட்கிறான், பதில் சொல்லிவிட்டான் என்று எனக்குக் கைகால் ஓடவில்லை. சிரித்தேன்தான். ஓடினேன்தான். நர்சைக் கூப்பிட ஓடினேன். வராந்தாவில் அண்ணியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதித்தேன். ஐம்பத்து நான்கு வயதில் ஆஸ்பத்திரி வராந்தாவில் குதித்ததற்காக இன்றுவரை நான் வெட்கப்பட்டதில்லை.

நான் வாழ்க்கையிலேயே அதிகம் சந்தோஷப்பட்ட நாள் அது. அதே நிமிஷத்தில் நீங்கள் எங்களை எல்லாம் வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போகத் துணிந்திருக்கிறீர்கள்.  இதற்கு யாரைக் கோபித்துக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

நானும் முழுசாகத் தேறவில்லை அண்ணா. எங்கள் வீட்டு மைக்ரோவேவ் சூடாக்கி முடித்ததும் பீப் பீப் என்று அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் எழுந்து நின்றுவிடுகிறேன், உங்கள் கட்டில் பக்கத்து மிஷின்தான் அடிக்கிறது என்று. இப்போது எல்லாவற்றையும் அடுப்பில்தான் சுட வைக்கிறேன். ஜெனிதா, வீட்டு ஆட்களுக்கும் ஒரு கூட்டம் நடக்கிறது, வியாழக்கிழமை வாருங்கள் என்கிறாள். நோயாளியே வராதபோது நான் மட்டும் போய் என்ன சொல்வது என்று போகவில்லை.

நீங்கள் நம்பினாலும் சரி, நம்பாவிட்டாலும் சரி. இந்த வீட்டுக்கு வருவது கஷ்டமாக இருந்தால், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்தில் ஒரு அறை பார்த்துத் தருகிறோம். நான் அந்தப் பக்கமே வரவில்லை. பயிற்சிக்கு மட்டும் வந்துவிடுங்கள். அண்ணியும் விழுந்தார் என்று படித்ததிலிருந்து எனக்கு வேறு எதுவும் ஓடவில்லை.

வெங்கடம்மாள்


ஆனைமலை
13.11.2024

அம்மணிக்கு,

உன் கடிதம் வந்ததும் இந்திராணியிடம் காலண்டரை எடுத்து வரச் சொன்னேன். ஜூலை எட்டு சேர்த்தது. விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். இருபத்து நான்காம் தேதி பதினேழாம் நாள் வருகிறது. அன்றைக்கு ஆஸ்பத்திரிக்கு யார் போனது என்று எதுவும் சொல்லாமல் சும்மா கேட்டேன். "வெங்கடம்மாளுக்குக் காச்சலுங்க, நாந்தான் போனேன்" என்றாள். அன்று என்ன செய்தாய் என்று கேட்டேன். பத்து நிமிஷமும் காலைத் தடவிக்கொண்டே நின்றாளாம். என் ஞாபகத்தில் அன்று சந்தையில் காலில் ஈ மொய்த்துத் தொல்லை கொடுத்தது. இதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

 என் தங்கச்சி தினமும் வந்து எனக்கு நாள் சொல்லியிருக்கிறாள். அதை நான் விலை என்று எடுத்துக்கொண்டு இரண்டரை மாதமாக அவளை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். அன்றைக்கு நீ அரிசிம்பருப்பு சாதம் கொண்டுவந்தாயே, நீ போனதும் அதை ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். அதைச் சாப்பிட்டுக்கொண்டேதான் உன்னைத் திட்டினேன். என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதிவிட்டேன்.

ஒன்று மட்டும் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். புத்தி நம்பிவிட்டது. உடம்புக்குத் தகவல் இன்னும் போய்ச் சேரவில்லை. உன்னைப் பார்த்ததும் என் கை தானாக முதுகுக்குப் பின்னால் போனாலும் போகும். அதற்காக முகத்தைச் சுளிக்காதே. போகப் போகச் சரியாகுமா என்று தெரியாது.

பக்கத்து அறை எல்லாம் வேண்டாம். திங்கட்கிழமை வாரேன். இந்திராணியும் வருகிறாள், அவள் முழங்காலையும் அந்தப் பெண்ணிடம் காட்டலாம். கம்பி எவ்வளவு கோணல் என்று பார்க்க வேண்டும்.

அண்ணன்,
அரங்கசாமி


போத்தனூர்
20.1.2025

அன்புள்ள அண்ணாவுக்கு,

பொங்கலுக்கு நீங்கள் ஊருக்குப் போய் ஒரு வாரம்தான் ஆகிறது. வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. கீழ் அறையைத் தாண்டும்போதெல்லாம் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் போகிறேன். குளியலறைக் கம்பியில் உங்கள் மாப்பிள்ளை இப்போது ஈரத் துண்டு காயப்போடுகிறார். ஆட்டிப் பார்த்துவிட்டு, அடித்தது நான்தான் என்று ஒரு தடவை சொல்லிக்கொள்கிறார்.

முதல் வாரம் உங்களோடு பட்ட பாடு இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது. அப்போது சிரிப்பு வரவில்லை. நீங்கள் எழுதியிருந்தபடியே நான் காபி டம்ளரை நீட்டினால் கை முதுகுக்குப் பின்னால் போனது. ஐந்து நாள் டம்ளரை மேஜைமேல் வைத்துவிட்டு நகர்ந்துகொண்டேன். ஆறாம் நாள் நீங்களாகவே கையை நீட்டினீர்கள். கை நடுங்கி என் புடவையில் பாதிக் காபி கொட்டியது. அந்தக் கறை இன்னும் போகவில்லை, போகாவிட்டாலும் பரவாயில்லை.

ஜெனிதா நாற்காலியிலிருந்து பத்துத் தடவை எழுந்து உட்காரச் சொன்னால், எட்டோடு நிறுத்திவிட்டு எண்ணத் தெரியாதவர் மாதிரி முழிப்பீர்களே, அதை அவளும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறாள். வாக்கர் போய்க் கைத்தடி வந்தது. கைத்தடியும் போய், கடைசி வாரத்தில் எங்கள் தெருமுனைக் கடைவரை தனியாகப் போய்த் தேன்மிட்டாய் வாங்கி வந்தீர்கள். சர்க்கரை அதிகம் என்று அண்ணி பிடுங்கிக்கொண்டார். நானும் வியாழக்கிழமைக் கூட்டத்துக்குப் போகிறேன். போன வாரம் மைக்ரோவேவில் பால் வைத்தேன். சத்தம் வந்தது. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தேன்.

ஒரு சங்கதி மட்டும் உறுத்திக்கொண்டே இருக்கிறது. கடைசி நாளன்று, நீங்கள் படுத்திருந்த ஐ.சி.யு.வை ஒரு தடவை நேரில் பார்க்கலாமா என்று ஜெனிதா கேட்டாள். அதைப் பார்த்தால் மனசு தெளியும் என்றாள். என்னை வெளியே இருக்கச் சொல்லிவிட்டு அவளோடு உள்ளே போனீர்கள். இருபது நிமிஷம். வராந்தாவில் நான் இருந்த இருப்பு எனக்குத்தான் தெரியும். வெளியே வந்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, டீ குடிக்கலாமா என்று கேட்டீர்கள். வழியெல்லாம் தேங்காய் விலை பற்றிப் பேசினீர்கள். நான் கேட்கவில்லை. கேட்க வேண்டியதைக் கடிதத்தில் கேட்டால்தான் நம் இரண்டு பேருக்கும் ராசி போலிருக்கிறது.

உள்ளே என்ன நடந்தது?

அன்புடன்,
வெங்கடம்மாள்


ஆனைமலை
27.1.2025

அம்மணிக்கு,

இன்று காலை தோப்பில் கிணறுவரை நடந்து போய்விட்டு வந்தேன். காலில் ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டுதான். இந்திராணி அதைப் படம் பிடித்து உனக்கு அனுப்பியிருப்பாள். நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன், அந்தப் படத்தை அனுப்பியிருக்க மாட்டாள். குரல் பாதிதான் வந்திருக்கிறது. இனி இவ்வளவுதான் என்று ஜெனிதா சொல்லிவிட்டாள். மரம் ஏறுகிறவனைக் கீழே நின்று அதட்ட முடியவில்லை, கையைத் தட்டித்தான் கூப்பிடுகிறேன். பழகிவிட்டது.

நீ கேட்டதைச் சொல்கிறேன். அன்றே சொல்லியிருப்பேன். சொல்ல ஆரம்பித்தால் ஆஸ்பத்திரி வாசலிலேயே அழுதுவிடுவேன் என்று தேங்காய் விலையைப் பேசினேன்.

 போய்ப் பார்த்தால் அது இவ்வளவு சின்ன இடம். என் சந்தை எவ்வளவு பெரிசாக இருந்தது தெரியுமா? தகரக் கூரை என்று நான் நினைத்தது, வெள்ளையாகச் சதுரம் சதுரமாக ஒட்டிய மேல்கூரை. கழுத்து மணி, தலைமாட்டில் இருக்கிற மிஷின். எல்லாவற்றையும் ஜெனிதா ஒவ்வொன்றாகக் காட்டினாள். பல்லைப் பிடித்துப் பார்த்தவர்கள், வாயைச் சுத்தம் செய்கிற நர்சுகள். அதில் ஒருத்தி என்னை அடையாளம் கண்டுபிடித்து, "மீசை வந்துருச்சுங்களா" என்று கேட்டாள். நான் அவளுக்கு ஒரு கும்பிடு போட்டேன். வேறென்ன செய்வது?

நான் படுத்திருந்த ஆறாம் நம்பர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். என்னைவிட வயது குறைவு. வாயில் குழாய், கண் மூடியிருந்தது. பக்கத்தில் அவர் மனைவி பச்சை அங்கியோடு நின்றுகொண்டிருந்தாள். தாராபுரம் பக்கம் ஒரு கிராமமாம். இரண்டு கையையும் சேர்த்து நெஞ்சோடு கட்டிக்கொண்டு, கட்டிலிலிருந்து ஒரு அடி தள்ளியே நின்றாள். தொட்டால் ஏதாவது ஆகிவிடுமோ என்று பயப்படுகிறவள் மாதிரி இருந்தது.

இதே கட்டிலில் முப்பத்தைந்து நாள் இருந்தவர் இவர்தான் என்று ஜெனிதா என்னைக் காட்டினாள். அந்தத் தாராபுரத்துப் பெண் என்னை உச்சியிலிருந்து பாதம் வரைக்கும் பார்த்தாள். காலைத்தான் ரொம்ப நேரம் பார்த்தாள். நான் நிற்கிறேனே என்று பார்த்தாளோ என்னவோ.

"ஏனுங்க, நாங்க பேசுனா அவருக்குக் கேக்குமுங்களா? உங்களுக்குக் கேட்டுச்சுங்களா?" என்று கேட்டாள்.

 பொய் சொல்ல மனசு வரவில்லை. "கேட்டுச்சுங்க. ஆனா எல்லாத்தையும் தப்பா வெளங்கிக்கிட்டேன்" என்றேன்.

அவள் முகம் வாடிவிட்டது. அப்படியானால் சும்மா இருப்பதே நல்லதா என்று கேட்டாள். அவள் இன்னும் அரை அடி பின்னால் நகர்ந்ததைப் பார்த்ததும் எனக்குப் பதறிவிட்டது. நீயும் அப்படி நகர்ந்திருந்தால் நான் இன்றைக்கு யாராக இருப்பேன் என்று ஒரு நிமிஷம் தோன்றியது. இருக்கிற அரைக் குரலை எல்லாம் கூட்டிச் சொன்னேன்.

"அப்படி இல்லீங்க அம்மணி. கையைப் புடிச்சுக்குங்க. தெனமும் வந்து ஏதாச்சும் சொல்லுங்க. அவரு தப்பா நெனச்சாலும் நெனச்சுக்கட்டும். ஊட்டுக்கு வந்து உங்ககூடச் சண்டை போடட்டும்."

 அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் வெளியே வந்து உன்னிடம் டீ கேட்டேன்.

அண்ணன்,
அரங்கசாமி